சாக்கைப் பிரிக்காமல் காத்தவருக்கு

எல்லோருக்கும் வணக்கம். முந்தாநாள் கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் மபிட்டாவுக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், மறுபடி அதை எழுத மனசில்லை. ரத்தம் கொடுத்தவர்கள், பணம் திரட்டியவர்கள், நைரோபி ஆஸ்பத்திரியில் ராத்திரி ராத்திரியாக என் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவர்கள், ஊரில் அம்மாவிடம் "சும்மா காய்ச்சல்தான்" என்று கூசாமல் பொய் சொன்ன தம்பி, எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசுவேன். இன்றைக்கு ஒருவரைப் பற்றி மட்டும் எழுத விடுங்கள்.

பெயர் வேண்டாம். என் ஆய்வு வயல்களில் ஒன்று அவருடையது, ஏரிக்கரைக் கிராமம். நான் கூப்பிடுவது 'மாமா' என்று. சுவாஹிலியில் அம்மாவுக்கு அதுதான் சொல், முதல் வாரம் பேரப்பிள்ளை எடுத்த பெண்ணை அப்படி அழைக்க எனக்கு நாக்கு வரவில்லை.

அவர் நிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு. ஒன்றில் வெறும் மக்காச்சோளம். இன்னொன்றில் புஷ்-புல், அதாவது பூச்சியைத் தள்ளி இழுக்கும் முறை: மக்காச்சோள வரிசைக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி, சுற்றிலும் நேப்பியர் புல். தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியை டெஸ்மோடியத்தின் வாசனை விரட்டும், நேப்பியர் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு இதில் பிடித்தது மண்ணுக்கடியில் நடப்பதுதான். லுவோ மொழியில் கயோங்கோ என்பார்கள், நம்மூர்க் கரும்புக்காரர்களின் சுடுமல்லியும் அந்த வகைதான், பயிரின் வேரில் ஒட்டி உறிஞ்சும் களை. டெஸ்மோடியம் வேரிலிருந்து கசிவது அந்த விதையை முளைக்கச் செய்து, சோள வேரில் ஒட்ட விடாமல் சாகடித்துவிடும். சரி, பாடம் போதும்.

அறுவடை நேரம் பார்த்து நான் படுத்துவிட்டேன். இரண்டு துண்டின் கதிரும் கலந்தால் ஒரு பருவத்து உழைப்பு போச்சு. யாரிடமும் எதையும் சொல்லிவிட்டுப் போகும் நிலையிலும் நான் இல்லை. நேற்று அவர் வீட்டுக்குள் நுழைந்தால் சுவரோரம் சாக்குகள், பழைய லெசோ துணியைக் கிழித்துக் கட்டிய முடிச்சுகளோடு. புஷ்-புல்லுக்குச் சிவப்பு, மற்றதற்கு மஞ்சள். ஒரு முடிச்சுகூடப் பிரிக்கப்படவில்லை. வீட்டில் பழைய தானியம் தீர்ந்து எத்தனையோ நாளாம், மகள் வீட்டில் கடன் வாங்கிக் களி கிண்டியிருக்கிறார், சொந்த விளைச்சல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க. நான் வந்து எடை போட வேண்டும் என்று.

ஒரு மஞ்சள் சாக்கைக் கொட்டினேன். அதில் மணி இல்லாத மூன்று கட்டைகள், கருகியிருந்தன. பேரன் திருட்டுத்தனமாகச் சுட்டுத் தின்றானாம். கணக்கு குறையக் கூடாதென்று கட்டையை எடுத்து உள்ளே போட்டிருக்கிறார்! எனக்குப் பேச்சு வரவில்லை.

எங்கள் கட்டுரைகளில் 'விவசாயிகளின் ஒத்துழைப்புடன்' என்று ஒரு வரி வரும். நானும் எழுதியிருக்கிறேன், யோசிக்காமல். இனி என் முடிவுகள் எதுவானாலும் முதலில் அவர் திண்ணையில் லுவோவில் சொல்லப்படும், அதன் பிறகுதான் என் பேராசிரியருக்குப் போகும். இதை இங்கே எழுதி வைக்கிறேன், தவறினால் கேளுங்கள்.

எடை போட்டு முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "இனி மில்லுக்குக் கொண்டு போகலாமா?"

இன்று காலை முதல் சாக்கு சைக்கிளில் போனது. ஓட்டியது பேரன், பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தது நான். எரோகமானோ, மாமா. லுவோவில் நன்றி என்று அர்த்தம்.