இன்ஜெக்டர் மாட்டத் தெரியும், எழுத்தைப் பதியத்தான் வழியில்லை

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, சாலைப் போக்குவரத்து அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு சின்ன கார் பட்டறை நடத்துகிறேன். நான்கு வண்டி நிற்கிற ஷெட், என்னோடு சேர்த்து மூன்று பேர். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாக நுழைந்து, கார்புரேட்டர் சத்தத்தைக் காதில் வாங்கியே ட்யூனிங் செய்த காலத்தில் தொழில் பழகியவன். என்னைப் போல கம்பெனியைச் சேராத வெளிப் பட்டறைகளுக்கும் வண்டியைச் சரிசெய்யும் கருவியும் தகவலும் கிடைக்க வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு டீசல் கார் வந்தது. ஐடிலிங்கில் உதறல். மூன்றாவது சிலிண்டருக்கு டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் போயிருந்தது. புதுசு வாங்கி மாட்டிவிட்டேன். ஆனால் இந்த வகை இன்ஜெக்டரின் தலையில் பொடிப்பொடியாக ஓர் எழுத்து வரிசை பொறித்திருக்கும். அது எவ்வளவு டீசல் பீய்ச்சும் என்பதற்கான ஜாதகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூவில் பதிந்தால்தான் எஞ்சின் ஒழுங்காக ஓடும். என்னிடம் இருக்கிற ஸ்கேனர் கோளாறைப் படிக்கும், அழிக்கும். அந்த மாடலில் எழுத விடாது. அதற்குக் கம்பெனி ஸ்கேனர் வேண்டும்.

வேலை முடிந்த வண்டியை ரெக்கவரி வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். வெளியே வாங்கி மாட்டிய இன்ஜெக்டருக்கு அந்த எழுத்தைப் பதிகிற கோடிங் போட மாட்டோம், எங்களிடமே வாங்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வண்டிக்காரர் ஒரே இன்ஜெக்டருக்கு இரண்டு தடவை பணம் கொடுத்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “அப்ப இனிமே இந்த வண்டிய உங்ககிட்ட கொண்டாரக் கூடாதுங்களாண்ணா?” என்றுதான் கேட்டார்.

இந்த விஷயம் உங்களுக்குப் புதிது அல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அவற்றை வெளியே விற்க வழி செய்யச் சொன்னது. வெளியில் வேலை பார்த்தால் வாரன்டியே கிடையாது என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை வைக்கக் கூடாது என்றும் அதே உத்தரவில் இருக்கிறது. அப்புறம் மேல்முறையீடு, நீதிமன்றம் என்று போனது. இன்றைக்கும் என் ஷெட்டுக்கு வருகிறவர்கள் “ஆயில் மாத்தினா வாரன்டி போயிருமா?” என்று பயந்துகொண்டுதான் கேட்கிறார்கள்.

2022 டிசம்பரில் ரைட் டு ரிப்பேர் போர்ட்டல், அதாவது பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் வந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனங்கள் இவற்றோடு வாகனத்தையும் சேர்த்திருந்தது நல்ல விஷயம். ஆனால் போர்ட்டல் வேறு, சட்டம் வேறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்கள் ஓட்டுப் போட்டே கார்களுக்கு இந்த உரிமையைச் சட்டமாக்கினார்கள். இரண்டே வருடத்தில் கார் கம்பெனிகள் நாடு முழுவதற்கும் உடன்பாட்டுக்கு வந்தன. சட்டம் என்று ஒன்று இருந்ததால்தான் இறங்கி வந்தார்கள்.

எங்கள் பிழைப்புக்காக மட்டும் இதைக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கொண்டுவந்த பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி என்ன ஆகிறது என்று பாருங்கள். 2020 ஏப்ரல் 1 முதல், பிஎஸ்5ஐத் தாண்டி ஒரே பாய்ச்சலாக பிஎஸ்6க்குப் போனோம். சரியான முடிவு. டீசல் கார்களில் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் வந்தது. பைபாஸில் நன்றாக ஓடுகிற வண்டியில் அந்தக் கரி சூட்டில் தானே எரிந்துவிடும். பள்ளிக்கூடம், சந்தை, வீடு என்று மூன்று கிலோமீட்டருக்குள் சுற்றுகிற வண்டியில் எரியாது, அடைத்துக்கொள்ளும். மீட்டரில் விளக்கு எரியும், வண்டி இழுக்காது. ஸ்கேனரை மாட்டி, நின்ற இடத்திலேயே கரியை எரிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்தக் கட்டளைக்கு வழியில்லாத இடத்தில் சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஃபில்டரைக் கழற்றி, வெட்டி, உள்ளே இருக்கிற தேன்கூட்டைக் கம்பியால் இடித்துக் கொட்டுகிறார்கள். காலி டப்பாவைத் திரும்ப வெல்டிங் வைத்து மாட்டி, ஃபில்டரே இல்லை என்று தெரியாதபடி ஈசியூவையும் ஏமாற்றிவிடுகிறார்கள். ஏமாற்றுகிற சாஃப்ட்வேர் சுலபமாகக் கிடைக்கிறது, முறையாகச் சுத்தம் செய்கிற அனுமதிக்குத்தான் நாயாக அலைய வேண்டியிருக்கிறது. நான் அந்த வேலையைச் செய்வதில்லை. ‘அவரால முடியல’ என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் பக்கமும் அழுக்கு இருக்கிறது. பில் போடாதவர்கள் உண்டு. சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கிய பழைய பாகத்தைத் துடைத்துப் புதுசு என்று மாட்டுகிறவர்களும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா உதிரிபாகங்களுக்கும் ஒரே 18 சதவீத ஜிஎஸ்டி என்று ஆக்கியது உதவிதான். 28 சதவீதம் இருந்தபோது “பில் வேண்டாம்ணா” என்று கேட்டவர்களில் பாதிப் பேராவது இப்போது பில் கேட்கிறார்கள்.

திருட்டுப் பயம், பாதுகாப்பு என்று கம்பெனிகள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சாவி கோடிங்கை யார் கையிலும் கொடுக்க முடியாது. அதற்குத் தனிப் பதிவு, போலீஸ் சரிபார்ப்பு என்று எது வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் பின்சக்கர பிரேக் பேடு மாற்ற எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக்கைப் பின்னுக்கு இழுக்கும் கட்டளையில் என்ன ரகசியம்? ஒயரிங் படத்தில் என்ன திருட்டு?

எலக்ட்ரிக் கார் இன்னொரு கவலை. ஆரஞ்சு கேபிளில் 400 வோல்ட் அளவுக்கும், சில வண்டிகளில் அதற்கு மேலும் ஓடும். போன வாரம் ஒரு வண்டி ஏசி வேலைக்கு வந்தது. என்னிடம் இருக்கிற பையன் பழக்க தோஷத்தில் அந்தக் கேபிளில் கை வைக்கப் போனான், தோளைப் பிடித்து இழுத்தேன். அவனை எங்கே அனுப்பிப் படிக்க வைப்பது? ஐடிஐக்கு அனுப்பினால் பட்டறையில் ஆள் இல்லை. வேலை நாளைக் கெடுக்காமல், தமிழில், மாவட்டத் தலைநகரிலாவது பதினைந்து நாள் பயிற்சி வையுங்கள். சான்றிதழ் இல்லாதவன் உயர்வோல்ட் வண்டியைத் தொடக் கூடாது என்று அப்புறம் விதி போடுங்கள், நானே ஷெட்டில் எழுதி ஒட்டுகிறேன்.

சர்வீஸ் சென்டர்களுக்குக் கொடுக்கிற பழுதுநீக்கும் கையேடு, ஸ்கேனர் அனுமதி, கோடிங் மூன்றையும் பதிவு செய்த வெளிப் பட்டறைகளுக்கும் நியாயமான கட்டணத்தில் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வேண்டும். வருடச் சந்தாவாக வைத்தாலும் சரி, ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று வைத்தாலும் சரி. தொகையைச் சொல்லுங்கள், ஜிஎஸ்டியோடு கட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு பட்டறைக்காரன்