பாட்டு வட்டத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வேலை முடிந்து நேரே டோக்கியோவின் நிஷி-கசாய்க்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். தமிழரும் ஜப்பானியரும் சேர்ந்து பழைய ஜப்பானியப் பாட்டுகளைக் கரோக்கேயில் பாடும் வட்டம் நம்முடையது. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயலறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். ஜப்பானிய உறுப்பினர்களுக்கான பிரதி மேசையில் இருக்கிறது. அதில் கிண்டலைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

முதலில் இரங்கல். அக்டோபரில் நடிகர் நிஷிடா தோஷியுகி மறைந்தார். தமிழ் உறுப்பினர்களில் பலருக்கு அவரை மீன்பிடிப் பைத்தியம் பிடித்த அலுவலக ஊழியராகத் திரையில்தான் தெரியும். ஆனால் 1981-ல் அவர் பாடிய 'மொஷிமோ பியானோ கா ஹிகேதா நாரா' பாட்டைப் பாடாத ஜப்பானிய உறுப்பினர் நம்மில் இல்லை. பியானோ வாசிக்கத் தெரிந்திருந்தால் மனசில் இருப்பதைச் சொல்லியிருப்பேனே என்று தவிக்கும் ஒரு கூச்சக்காரனின் பாட்டு அது. டிசம்பரில் நடிகையும் பாடகியுமான நகயாமா மிஹோ போனார். 54 வயது. அந்தச் செய்தி வந்த வாரம் நம் குழுவில் யாரும் அதிகம் பேசவில்லை. நம்மில் பாதிப் பேருக்கு அதே வயது. இருவருக்கும் அஞ்சலி செலுத்தினோம்.

மாதாந்திரக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. எல்லாவற்றையும் பட்டியல் போட்டுப் பொறுமையைச் சோதிக்க மாட்டேன்.

ஏப்ரல் கூட்டம் பாடகர் ஓசாகி யூதாகாவுக்கு. 1983 டிசம்பரில் 'ஜூகோ நோ யோரு' பாட்டோடு வந்தவர், 1992 ஏப்ரல் 25-ல் 26 வயதில் போய்விட்டார். கொகோகுஜி கோயிலில் நடந்த இறுதி மரியாதைக்கு மழையில் சுமார் 40,000 பேர் வந்தார்கள். நம் துணைத் தலைவர் அந்த வரிசையில் நின்றவர். வேலைக்குச் சேர்ந்த புதிது, உடம்பு சரியில்லை என்று சொல்லி விடுப்பு எடுத்தாராம். கூட்டத்துக்குப் பிறகு சிலர் ஷிபுயா போய், அங்கே ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஓசாகிக்கு வைத்திருக்கும் நினைவுப் பலகையைப் பார்த்து வந்தோம்.

அன்று 'சொட்சுகியோ' பாடியவர் ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளி ஆசிரியரான நம் உறுப்பினர். பட்டமளிப்பு என்று பெயர் இருந்தாலும், ராத்திரி பள்ளிக்குள் புகுந்து ஜன்னல் கண்ணாடிகளை உடைக்கும் பையன்களின் பாட்டு அது. 1985 ஜனவரியில் வந்தது. 80-களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பள்ளிகளில் ஆசிரியரை அடிப்பதும் மேசை நாற்காலியை நொறுக்குவதும் நாட்டையே கலங்கடித்த சங்கதி. பள்ளிகளோ முடியின் நீளம் முதல் காலுறையின் நிறம் வரை விதி மேல் விதி போட்டுக்கொண்டிருந்தன. "அந்த வருடம் கண்ணாடிக்காரருக்கு போன் செய்யும் வேலை என்னுடையதுதான்" என்று சொல்லிவிட்டு, ஆசிரியர் சுருதியை ஒரு கட்டை இறக்கி முழுப் பாட்டையும் பாடினார். இந்த ஆண்டின் சிறந்த பாட்டு அதுதான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் அறிக்கை முடிந்ததும் பேசலாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் 'ஓஜிசான் பாட்டு' என்று நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பெரிசுகளின் பாட்டாம்! பாடியவர்களின் வயதைப் பாருங்கள். பாடகர் குவாடா கெய்சுகே தன் சதர்ன் ஆல் ஸ்டார்ஸ் குழுவோடு 'கத்தே நி சிந்துபாத்' பாடி வந்தது 1978 ஜூன் 25-ல், 22 வயதில். போவி என்ற ராக் குழு புகழின் உச்சியில், 1987 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஷிபுயா மேடையில் கலைப்பை அறிவித்து, அடுத்த ஏப்ரலில் டோக்கியோ டோமில் கடைசியாக வாசித்தபோது அதன் பாடகர் ஹிமுரோவுக்கு 27. 'லிண்டா லிண்டா' என்று புளூ ஹார்ட்ஸ் குழு குதித்த குதியை இன்று நாம் குதித்தால் எலும்பு வைத்தியரிடம்தான் போக வேண்டும். பாட்டில் நடுவயதே கிடையாது. அது மைக் பிடித்தவனிடம்தான் இருக்கிறது. ஒரே விதிவிலக்கு பாடகர் தெராவோ அகிரா. 1981-ல் 'ரூபி நோ யுபிவா' வந்தபோது அவருக்கு 33 என்றாலும், கறுப்புக் கண்ணாடியும் முணுமுணுப்புமாக அப்போதே ஐம்பது வயதுக்காரர் போலப் பாடிவிட்டார்.

அந்தப் பாட்டு 'தி பெஸ்ட் டென்' என்ற பாட்டுத் தரவரிசை நிகழ்ச்சியில் தொடர்ந்து 12 வாரம் முதலிடத்தில் நின்றது. ஜூலை கூட்டம் முழுவதும் அந்த நிகழ்ச்சியைப் பற்றித்தான். 1978 முதல் 1989 வரை டிபிஎஸ் தொலைக்காட்சியில் வியாழன் இரவு 9 மணிக்கு, குரோயனாகி தெட்சுகோவும், 1985 வரை அவரோடு குமே ஹிரோஷியும் தொகுத்து வழங்கியது. இசைத்தட்டு வாங்கக் காசில்லாத பையன்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்வார்களாம். மீன்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் அப்படிப் பதிந்த கேசட் ஒன்றைக் கொண்டுவந்தார். பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில், குளிக்க வாடா என்று அம்மாவின் குரல். மூன்று முறை போட்டுக் கேட்டோம். மூன்றாவது முறை அவர் வெளியே போய்விட்டார். 1980-ல் மிடாகாவில் முதல் இசைத்தட்டு வாடகைக் கடை திறந்த பிறகுதான் அம்மா குரல் இல்லாமல் பாட்டுக் கேட்க வழி பிறந்தது என்று அவரே பிறகு சொன்னார்.

நம் தமிழ் உறுப்பினர்களுக்கு இந்த ஏக்கம் கடன் வாங்கியதுதான். நாம் இந்த ஊருக்கு வந்தது முப்பதை ஒட்டிய வயதில். அலுவலக விருந்து முடிந்து மேலாளர் இழுத்துப்போன கரோக்கே அறையில்தான் இவை காதில் விழுந்தன. வட்டியும் கட்டுகிறோம்: 1998-ல் ஷிபுயா திரையரங்கில் 'முத்து' பார்த்த இரண்டு ஜப்பானிய உறுப்பினர்கள் ஆண்டுதோறும் ரஜினி பாட்டு கேட்கிறார்கள். இந்த ஆண்டும் 'தில்லானா தில்லானா' பாடப்பட்டது. சுருதி பற்றி அறிக்கையில் எழுத வேண்டாம் என்று தலைவர் உத்தரவு.

செப்டம்பர் சுற்றுலா சிகசாகிக்கு. குவாடாவின் ஊர். ரயில் கிளம்பும்போது நிலையத்தில் ஒலிப்பதே சதர்ன் பாட்டு. 2014 முதல் 'கிபோ நோ வதாச்சி'. அதைக் கேட்பதற்காக நடைமேடையில் நின்று இரண்டு வண்டிகளை விட்டோம். 1999 முதல் கடற்கரைக்கும் சதர்ன் என்றே பெயர். பாட்டில் வரும் எபோஷி பாறை கடலுக்குள் தெளிவாகத் தெரிந்தது. சாப்பாடு சுமார்.

நவம்பரில் உறுப்பினர் ஒருவரின் மகள் விருந்தினராக வந்து, மட்சுபாரா மிகியின் 'மயோனகா நோ டோவா' பாட்டைப் பாடினாள். 1979 பாட்டு, 2020 கடைசியில் இணையம் வழியாக உலகமெல்லாம் பரவியது. அதைப் பார்க்க மிகி இல்லை, 2004-லேயே 44 வயதில் காலமாகிவிட்டார். நம் மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு இந்த சிட்டி பாப் (எழுபது எண்பதுகளின் நகர்ப்புற ஜப்பானிய பாப் இசை) மோகத்தில் எரிச்சல். அன்று கேட்காதவர்கள் இன்று கொண்டாடுகிறார்களே என்கிறார்கள். அன்று அவர்களும் அதிகம் கேட்கவில்லை என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

நிர்வாகச் செய்திகள்: கரோக்கே அறையில் நேரம் தாண்டியதற்கான கூடுதல் கட்டணம் இந்த ஆண்டும் நம் கையைக் கடித்தது. நீளமான பாட்டுகளைக் கடைசியில் போடுவதே காரணம். பெயர் சொல்ல விரும்பவில்லை, அவருக்கே தெரியும். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். கோபேயில் 1971-ல் கரோக்கே கருவியை வாடகைக்கு விட்ட இனோவுவே தைசுகே அதற்குக் காப்புரிமை எடுக்கவே இல்லை. அந்தப் பெருந்தன்மை அறை வாடகையில் தெரியவில்லை என்பது பொருளாளரின் குறிப்பு.

கடைசியாக, ஆண்டு முழுக்க நம்மைப் பிடித்து ஆட்டிய விதி 2. ஹிரோஹிட்டோ பேரரசரின் ஷோவா காலப் பாட்டுகள் மட்டும், அதாவது 1989 ஜனவரி 7 வரை வந்தவை மட்டும் என்கிறது அது. பிப்ரவரிக் கூட்டத்தில் புதிய உறுப்பினர் ஒருவர் ஸ்பிட்ஸ் குழுவின் 'ராபின்சன்' போட்டதும் மைக்கை அணைத்துவிட்டார்கள். அது முறையல்ல. அந்தப் பாட்டு வந்தது 1995-ல். அன்று பதினைந்து வயதில் அதைக் கேட்ட பையனுக்கு இன்று 45; முதுகுவலி, வீட்டுக் கடன் எல்லாம் நம்மைப் போலவே இருக்கிறது. அதே தொண்ணூறுகளின் மிஸ்டர் சில்ட்ரன் குழுவுக்கும் இதே நியாயம்தான். ஷோவா முடிந்ததோடு பதினைந்து வயதுப் பையன்கள் பிறப்பது நின்றுவிடவில்லை. எல்லையைத் தேதியில் வைத்தால் ஆண்டுக்கு ஆண்டு நம் எண்ணிக்கை குறையும், வேறொன்றும் நடக்காது.

ஆகவே விதி 2-ஐ, 'வெளிவந்து முப்பது ஆண்டுகள் ஆன பாட்டுகள்' என்று திருத்த நிர்வாகக் குழு முன்மொழிகிறது. மீன்கடை உறுப்பினரின் எதிர்ப்புக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. பொதுக்குழு விவாதித்து வாக்களித்து, இந்த அறிக்கையையும் ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அறை ஒன்பதரை மணி வரைதான் நமக்கு.

இப்படிக்கு,
செயலாளர்