டைபாய்டு ஊசி குறித்துப் பெற்றோருக்கு

கொழிஞ்சாம்பாறை
ஜூன் மாதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

சென்ற கல்வியாண்டின் கடைசியில் நம் பள்ளிக் குழந்தைகள் சிலர் டைபாய்டு வந்து வாரக்கணக்கில் படுத்துவிட்டார்கள். ஒரு குழந்தையால் ஆண்டுத் தேர்வே எழுத முடியவில்லை. பள்ளி திறந்த நாள் முதல் உங்களில் பலர் என்னிடம், "டீச்சர், இதுக்கு ஊசி இருக்காமே, ஸ்கூல்ல போட மாட்டாங்களா?" என்று கேட்கிறீர்கள்.

ஊசி இருக்கிறது, நல்ல ஊசிதான். ஆனால் 10 வயதிலும் 16 வயதிலும் பிள்ளைகளுக்கு டெட்டனஸ், தொண்டை அடைப்பான் நோய்களுக்கு இலவசமாகப் போடும் டிடி ஊசி போல இது அரசு அட்டவணையில் இன்னும் சேரவில்லை. சேர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அதற்காகவே இந்தக் கடிதம்.

முன்பிருந்த ஊசி 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளிடம் சரியாக வேலை செய்யாது. 3 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போடவும் வேண்டும். இப்போதுள்ள கான்ஜுகேட் என்ற புது வகை ஊசியை 6 மாதக் குழந்தைக்கே போடலாம், ஒரு டோஸ்தான். டைபாய்டு அதிகமுள்ள நாடுகளில் இதைப் போடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. நேபாளத்தில் குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வில் நோய் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. ஹைதராபாத்தில் தயாராகும் ஊசியைக் கொண்டு பாகிஸ்தான் 2019-இலேயே தன் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடத் தொடங்கிவிட்டது. நம் நாட்டிலும் நவி மும்பை மாநகராட்சி 2018-இல் முகாம் நடத்தி, 1 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்குப் போட்டது. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கலாம் என்று மத்திய அரசின் நிபுணர் குழு 2022-இல் பரிந்துரைத்தும் இன்னும் வந்து சேரவில்லை. தனியாரிடம் போட்டால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கும் கூலி வேலைக் குடும்பம் அந்தப் பணத்துக்கு எங்கே போகும்?

கேரளத்தில் உணவு சமைப்பவர்கள், பரிமாறுபவர்கள் ஹெல்த் கார்டு வாங்க டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். நம் பள்ளியில் மதிய உணவு சமைக்கும் அக்காவும் போட்டிருக்கிறார். சமைப்பவருக்கு வேண்டும் என்று அரசு நினைத்தது மிகச் சரி. சாப்பிடும் பிள்ளைக்கும் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

"இது டவுன் வியாதி, நமக்கெதுக்கு?" என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். 2017 முதல் 2020 வரை நடந்த ஆய்வில் வேலூர் நகரத்தில் ஆண்டுக்கு ஆயிரம் குழந்தைகளில் பத்துப் பேருக்கு மேல் டைபாய்டு வந்தது. புனே பக்கக் கிராமங்களில் மிகக் குறைவு. ஆனால் கோடையில் நம் தண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். டேங்கர் லாரி வந்ததும் ஹோஸை மண்ணில் இழுத்துக்கொண்டு வந்து, அதே முனையை ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் விடுகிறார்கள். வீட்டில் அந்தத் தண்ணீருக்குள்ளேயே டம்ளரை விரலோடு முக்கி எடுக்கிறோம். மலத்தில் வெளியேறும் கிருமிக்கு இந்த வழி போதும். ஊசி வந்தாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். ஹோஸ் முனையைக் கழுவச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். டைபாய்டு இருக்கிறதா என்று பார்க்கும் வைடால் ரத்த டெஸ்ட் பல நேரம் தவறாகக் காட்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்துவது கூடவே கூடாது. மருந்துக்கு அடங்காத டைபாய்டு அப்படியும் பெருகலாம்.

2017-இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளைப் பார்த்துப் பயந்து பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொண்ட பெற்றோர்கள் இருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. முன்கூட்டி உட்கார்ந்து பேச யாரும் இல்லாததுதான் குறை. இந்த முறை முதலிலேயே பேசிவிடுவோம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு பெற்றோர் ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) பொதுக்குழு கூடுகிறது. டைபாய்டு ஊசியை அரசு அட்டவணையில் சேர்க்கக் கோரும் தீர்மானத்தை அங்கே வைக்கிறேன். நிறைவேறினால் பஞ்சாயத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் அனுப்புவோம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஹெல்த் இன்ஸ்பெக்டரையும் ஆஷா சுகாதாரப் பணியாளர் அக்காவையும் அழைத்திருக்கிறேன், சந்தேகங்களை அவர்களிடமே கேட்கலாம். பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்து வாருங்கள்; விடுபட்ட ஊசி ஏதேனும் இருந்தால் அன்றே குறித்துக்கொள்வோம். வேலைக்குப் போக வேண்டியவர்கள் பாட்டியையோ தாத்தாவையோ அனுப்பினாலும் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியை