லிங்கன் தையற்காரர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1328இல் தொடங்கிய உங்கள் சங்கத்தின் தலைவருக்கும், சகோதர சகோதரிகளுக்கும் வணக்கம்.

நாட்டிலுள்ள சங்கங்கள் எல்லாம் தங்கள் விதிகளையும் சொத்து விவரத்தையும் எழுதி அனுப்ப வேண்டும் என்று 1388இல் இரண்டாம் ரிச்சர்டு அரசர் கேட்டார். கேட்டது நல்லெண்ணத்தில் இருக்காது என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அந்தக் கெடுபிடியால்தான் உங்கள் விதிகள் எங்கள் கைவரை வந்திருக்கின்றன.

அதில் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். உறுப்பினர் ஒருவர் எருசலேமுக்குத் திருயாத்திரை கிளம்பினால் ஆளுக்கு ஒரு பென்னி தர வேண்டும். உரோமைக்கோ, ஸ்பெயினில் உள்ள, இயேசுவின் சீடர் சந்தியாகப்பரின் கோயிலுக்கோ என்றால் அரைப் பென்னி. தூரம் பார்த்துக் காசு! தையற்காரர்கள் போட்ட விதி என்று வேறு சொல்ல வேண்டுமா? அப்புறம், எல்லோரும் நகர வாசலைத் தாண்டி வந்து அவரை வழியனுப்ப வேண்டும். திரும்பி வரும்போது எதிர்கொண்டு அழைத்து, அவருடைய தாய்க்கோயில் வரை கூடவே போக வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தின் மகிமையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். கிளம்புகிறவனுக்கு என்ன வேண்டும் என்று யோசித்தவர்கள் நீங்கள்.

சரி, கடையை யார் பார்த்துக்கொள்வது? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தொழில் பழக வரும் பையனுக்காக 2 ஷில்லிங் கட்ட வேண்டும் என்று மறக்காமல் எழுதிவைத்தீர்கள். அவனுடைய முதலாளி மாதக்கணக்கில் ஊரில் இல்லாவிட்டால் அவனுக்கு யார் கற்றுக்கொடுப்பது? பாதி தைத்த அங்கியை யார் முடித்துக் கொடுப்பது?

மாதக்கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. உங்கள் ஊர் விதாம் ஆற்றோடு போனால் பாஸ்டன் துறைமுகம் உங்களுக்குக் கிட்டத்தில்தான். ஆனால் நீங்கள் அரசருக்குப் பதில் அனுப்பிய அதே சமயத்தில், யாத்திரிகர்கள் தெற்குக் கரையிலுள்ள டோவரிலோ பிளைமவுத்திலோதான் கப்பலேற வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. லிங்கனிலிருந்து பிளைமவுத்துக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். கடலைத் தாண்டி ஸ்பெயினின் அ கொருன்யா துறைமுகத்தில் இறங்கினால் சந்தியாகப்பர் கல்லறைக்கு 75 கிலோமீட்டர்தான். ஸ்பெயினில் நடப்பதைப் போல ஐந்து மடங்கு உள்நாட்டிலேயே போயாக வேண்டும். அந்த அரைப் பென்னிகள் கப்பலைப் பார்க்கும்வரை தாங்கினவா?

இன்னொன்று. இப்படிப் போனவர்களில் ஒருவர் பெயரைக்கூட அந்தப் பதிலில் நீங்கள் எழுதவில்லை. 1986இல் இங்கிலாந்தின் ஊஸ்டர் நகரப் பேராலயத்தின் தரைக்கு அடியில் ஒரு யாத்திரிகரின் கல்லறை கிடைத்தது. காலில் நீண்ட தோல் காலணி, பக்கத்தில் கோல், யாத்திரிகர்களின் அடையாளமான துளையிட்ட சிப்பி. 15ஆம் நூற்றாண்டின் சாயத் தொழிலாளி ராபர்ட் சட்டனாக இருக்கலாம் என்கிறார்கள். அவரையாவது ஊகிக்க முடிகிறது. உங்கள் ஆட்கள் யாரென்று சொல்ல எலும்பும் இல்லை, ஏடும் இல்லை.

அதனால் ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்தில் அந்த விதிக்குக் கீழே இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: போகிறவர் பெயர் ஒன்று, அவர் திரும்பும்வரை கடையைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பேற்றவர் பெயர் ஒன்று.