1786-க்கு முன்னும் பின்னும்

அன்புள்ள கண்ணம்மா,

மொழிகளின் உறவை ஆராயும் உன் துறையின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள், ஆங்கிலேய நீதிபதி வில்லியம் ஜோன்ஸில் தொடங்கி இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டு உன் ஆராய்ச்சிக்குத் திரும்பிவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்படி அவசரமாக முடித்துவிடாதே. இந்தப் பழைய ஆட்கள் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ளாமல் நீ மேலே போவதில் எனக்குச் சம்மதமில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஜோன்ஸ் 1786-இல் கல்கத்தாவில் சொன்னது பெரிய விஷயம்தான். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும், அந்த மூலம் இன்று இல்லாமல்கூடப் போயிருக்கலாம் என்றார். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்லாமல், மூன்றுக்கும் முன்னால் வேறொன்றை வைத்தாரே, அதுதான் அவருடைய பலம். ஆனால் அதை அவர் நிரூபிக்கவில்லை, சொன்னார், அவ்வளவுதான். அவருக்கும் முன்னால் 1767-இலேயே புதுச்சேரியில் இருந்த கெர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உள்ள ஒற்றுமைகளை எழுதிப் பாரிஸுக்கு அனுப்பினார். அது அச்சேறியது 1808-இல். நாற்பது வருடம் தாமதம், அதனால் பெயர் ஜோன்ஸுக்குப் போய்விட்டது. ஷாய்னோவிச் என்ற ஹங்கேரியர் 1769-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க நார்வேயின் வட கோடிக்குப் போன இடத்தில் அங்குள்ள ‘சாமி’ என்ற பழங்குடி மக்களின் மொழியைக் கவனித்து, அதற்கும் ஹங்கேரிய மொழிக்கும் உறவு உண்டு என்று அடுத்த வருடமே புத்தகம் போட்டார். ஊரில் பலருக்குக் கோபம். மீன் நாற்றம் அடிக்கும் உறவுக்காரர்கள் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். மொழியின் உறவைச் சொல்ல வந்தால் ஆளுக்கொரு பெருமை குறுக்கே வந்து நிற்பது அப்போதே தொடங்கிவிட்டது, இன்றும் ஓயவில்லை.

இதில் நீ நிறுத்தி நிதானமாக எழுத வேண்டியவர் என்று நான் நினைப்பது எல்லிஸை. பிரான்சிஸ் வைட் எல்லிஸ், சென்னையில் கலெக்டராக இருந்தவர், 1812-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தவர். தென்னிந்திய மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை என்பதுதான் அன்றைய பெரிய அறிஞர்கள் பலரின் கருத்து. 1816-இல் கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு முன்னுரையோடு சேர்த்து எல்லிஸ் ஒரு குறிப்பு எழுதினார், அதில் இந்தக் கருத்தை உடைத்தார். எப்படி உடைத்தார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. தெலுங்கில் சமஸ்கிருதச் சொல் குவிந்து கிடக்கிறது, அதை அவர் மறுக்கவே இல்லை. சொல்லை யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்கலாம், அதனால் முதலில் வேர்களைப் பார்ப்போம் என்று சமஸ்கிருத வேர்களையும் தெலுங்கு வேர்களையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக் காட்டினார், பொருந்தவில்லை. தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றையும் அதே மாதிரி அடுக்கினார், பொருந்தின. அப்புறம் சொற்கள், அப்புறம் வாக்கியம் அமையும் விதம் என்று படிப்படியாகப் போனார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வருவதற்கு நாற்பது வருடம் முன்னால்!

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்த வேலையை எல்லிஸ் தனியாகச் செய்யவில்லை. தெலுங்கு வேர்ப் பட்டியல் அந்தக் கல்லூரிப் பண்டிதர் பட்டாபிராம சாஸ்திரி தொகுத்தது. எது அப்படியே வந்த சமஸ்கிருதச் சொல், எது திரிந்து வந்தது, எது நாட்டுச் சொல் என்று தற்சமம், தற்பவம், தேசியம் எனப் பிரிக்கும் வழக்கம் நம் இலக்கணக்காரர்களிடம் ஏற்கெனவே இருந்தது. தெலுங்கு அறிஞர் மாமிடி வெங்கய்யா தன் அகராதியில் சொன்னதை எல்லிஸ் எடுத்தே காட்டுகிறார். கடன் சொல்லைத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பார் என்ற அந்த அறிவு இல்லாமல் இந்த நிரூபணம் எழுந்திருக்காது. வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போகும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

அதே 1816-இல்தான் ஜெர்மனியில் ஃபிரான்ஸ் பாப் என்ற அறிஞர் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், பாரசீகம், ஜெர்மானியம் ஆகியவற்றின் வினைத் திரிபுகளை ஒப்பிட்டு நூல் வெளியிட்டார். அவரும் தனிச் சொற்களை நம்பவில்லை, பார். பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது, ஆங்கிலத்திலும் 'பேட்' என்றால் கெட்டது, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆர்மேனிய மொழியில் இரண்டுக்கு 'எர்கு' என்பார்கள், லத்தீனில் 'துவோ', காதுக்குச் சம்பந்தமே இல்லை, ஆனால் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. தற்செயலான ஒற்றுமைகளை வைத்து உலக மொழிகளையெல்லாம் ஒரு மொழிக்குள் அடக்கும் பட்டியல்கள் வந்தபடியே இருக்கின்றன, நம் மொழியின் பெயராலும் வருகின்றன. தமிழ் மேல் எனக்கு இருக்கும் பற்று உனக்குத் தெரியும், அந்தப் பற்றினால்தான் சொல்கிறேன், அவற்றைப் பகிராதே. ஒழுங்கு இருக்கிறதா என்று பார். பால், புலி, பாம்பு, பத்து என்று நாம் சொல்வது கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹாவு, ஹத்து. பகரம் ஹகரமாக மாறியது வரிசையாகத் தெரிகிறது, பழங்கன்னடத்தில் அந்தப் பகரம் அப்படியே இருக்கிறது. இதுவல்லவா சான்று.

டென்மார்க்கின் ராஸ்க் 1818-இலும் ஜெர்மனியின் கிரிம் 1822-இலும் ஜெர்மானிய மொழிகளில் கண்டதும் இந்த மாதிரி ஒழுங்கைத்தான். அதில் விதிவிலக்குகள் மிஞ்சின. இன்றைய ஜெர்மனிலேயே சகோதரன் 'ப்ரூடர்', தந்தை 'ஃபாட்டர்', மூலத்தில் இரண்டிலும் ஒரே தகரம்தான், பிறகு ஏன் ஒன்று டகரமாக மெலிந்தும் மற்றது வலித்தும் ஒலிக்கிறது? கார்ல் வெர்னர் என்ற டென்மார்க்காரர் 1875-இல் விடை கண்டு 1877-இல் வெளியிட்டார். வேத மொழியில் 'ப்ராதர்' என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில், 'பிதர்' என்பதில் இரண்டாம் அசையில். அந்தத் தகரத்துக்கு முன்னால் அழுத்தம் விழுந்ததா, பின்னால் விழுந்ததா என்பதைப் பொறுத்தே ஒலி இரண்டு வழியாகப் பிரிந்தது. ஜெர்மானிய மொழிகள் அந்தப் பழைய அழுத்தத்தையே தொலைத்துவிட்டன, ஆனால் அது இருந்த தடம் மெய்யெழுத்தில் நின்றுவிட்டது! எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறியும். விதிவிலக்கு என்று ஒதுக்கியிருந்தால் அது கடைசிவரை விதிவிலக்காகவே கிடந்திருக்கும்.

உன் தரவிலும் ஒத்துவராத சொற்கள் ஒரு மூட்டை இருப்பதாகச் சொன்னாய், அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதே, தனியாக வைத்திரு. கட்டுரையில் பட்டாபிராம சாஸ்திரி பெயர் அடிக்குறிப்பில் போய் ஒளியாமல் உள்ளேயே வரட்டும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, எல்லிஸ் பற்றிய பகுதியை நான் ஒரு முறை சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா