வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுவிடு

கிருஷ்ணகிரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கண்ணு,

அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றும், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுக்கிறாய் என்றும் அம்மா சொன்னாள். வீட்டுக்கார அம்மாவிடம் சொல்ல வேண்டியதுதானே என்றதற்கு, "தப்பாகக் கேட்டு அவர் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது?" என்றாயாம். நீ படிக்கப் போயிருக்கிற கிரெனோபிள், பிரான்சில் ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கிற ஊர். அந்த ஊர்க் குளிரில், ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு என் மகள் நடுங்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கிளம்பும் முன் பிரெஞ்சு வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தாய். நானும் தடுக்கவில்லை, அவசரத்துக்கு அது உதவும். ஆனால் அந்த நோட்டில் மனிதர்கள் கிடையாது. யார் யாரிடம் கேட்கிறார், கேட்பவர் பெரியவரா சின்னவரா, முன்பின் பழக்கம் உண்டா என்பதெல்லாம் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிற விஷயங்கள். பிரெஞ்சில் மரியாதையை முடிவு செய்வது அவைதான். அவை கதையில்தான் கிடைக்கும், சின்னக் கதையாக இருந்தாலும் போதும். இத்தனை வருஷம் ஓசூரில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்ததில் நான் உறுதியாக நம்புகிற விஷயம் இது.

வகுப்பில் நான் சொல்லும் பாட்டி கதை உனக்கு நினைவிருக்கலாம். கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் ஒரு பாட்டி மாம்பழக் கூடையோடு நிற்கிறாள். காவேரிப்பட்டணம் போக வேண்டும். பக்கத்தில் நிற்கும் பள்ளிக்கூடத்துப் பையனிடம், "ஸ ப்யூஸ் வா ஆ காவேரிப்பட்டணம்?" என்று கேட்கிறாள். சாதாரண வாக்கியம்தான், கடைசியில் குரலை மட்டும் உயர்த்தினால் கேள்வியாகிவிடும். பையனுக்குத் தெரியவில்லை. அடுத்து ஒரு பெண்ணிடம் போகிறாள். இந்த முறை முன்னால் "எஸ் க" சேர்க்கிறாள்: "எஸ் க ஸ ப்யூஸ் வா ஆ காவேரிப்பட்டணம்?" வாக்கியத்தின் உள்ளே எதுவும் மாறவில்லை, கொஞ்சம் நிதானம் மட்டும் வந்திருக்கிறது. கடைசியில் நேரக் காப்பாளரின் அறைக்குப் போகிறாள். உள்ளே அவர் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார். வாசலில் நின்று, "போன்ழூர் மிஸ்யே, பூரியே வூ ம தீர் சி ஸ ப்யூஸ் வா ஆ காவேரிப்பட்டணம்?" என்கிறாள். வணக்கம் ஐயா, இந்தப் பஸ் காவேரிப்பட்டணம் போகுமா என்று சொல்ல முடியுமா என்று பொருள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருகிறார்.

பாட்டி ஒருத்திதான், பஸ்ஸும் ஒன்றுதான். எதிரில் இருக்கும் ஆள் மாற மாற அவளுடைய கேள்வி மாறுகிறது. பிள்ளைகள் இதை நடித்துப் பார்த்தபின் இலக்கண விதியைத் தனியாக எழுதிப்போட வேண்டிய தேவையே வராது. இன்னொன்றும் கவனி. பாட்டியின் கடைசிக் கேள்வியில் "போகுமா என்று" என்பதற்காக வந்த "சி"க்குப் பிறகு "எஸ் க" வராது, வினைச்சொல்லையும் எழுவாயையும் இடம் மாற்றவும் கூடாது. நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிற இடம் அது.

பேக்கரிக்காரப் பெண் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று போன மாதம் வருத்தப்பட்டாய். நீ உள்ளே போனதும் "ழெ வெ யூன் பகெத்" என்று ஆரம்பித்ததாக நீயே சொன்னாய். பிரான்சில் கடைக்குள் நுழைந்தால் முதல் வார்த்தை "போன்ழூர்"தான். அதைச் சொல்லாமல் எதைக் கேட்டாலும் அவர்களுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். "ழெ வெ" என்றால் எனக்கு வேண்டும் என்கிற பிடிவாதம். "ழெ வூத்ரே" என்று சொன்னால், கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று அது இளகிவிடுகிறது. முடியுமா என்று நேராகக் கேட்கும் "பூவே வூ" என்பதைவிட "பூரியே வூ" பணிவானதும் அதனால்தான். வினைச்சொல் நிபந்தனை வடிவத்துக்குப் போகும்போது, முடியாது என்று சொல்வதற்கு எதிராளிக்கு இடம் கிடைக்கிறது. "வூ நொரியே பா அன் ஸ்தீலோ?" என்று பேனா கேட்பார்கள், உங்களிடம் ஒரு பேனா இருக்காதோ என்பது போல. இல்லை என்கிற பதிலைக் கேட்பவரே பாதி சொல்லிவிடுவதால், கொடுக்க முடியாதவருக்குச் சங்கடம் இல்லை. பணிவு என்று நான் சொல்வது இந்த இடம் விடுதலைத்தான். குரலைத் தாழ்த்திக் குனிந்து நிற்பதை அல்ல.

பிரெஞ்சு எழுத்தாளர் மோப்பசானின் வைர அட்டிகைக் கதையைப் பிரெஞ்சிலேயே படித்துவிடு. 1884-இல் வந்தது, சில பக்கங்கள்தான். தமிழில் நீ அந்தக் கதையைக் கேட்டிருக்கிறாய், ஆனால் நான் சொல்லப்போவது பிரெஞ்சில்தான் தெரியும். கதாநாயகி மத்தில்த் தன் பள்ளித் தோழியிடம் அட்டிகையை இரவல் கேட்கும்போது "த்யூ" போட்டுக் கேட்கிறாள், நீ என்கிற உரிமையோடு. தயங்கித் தயங்கித்தான் கேட்கிறாள், தோழி உடனே சம்மதிக்கிறாள். அட்டிகை தொலைந்துபோய், அதற்கு ஈடாக வேறொன்று வாங்கிக்கொடுத்த கடனில் பத்து வருஷம் உழைத்துத் தேய்ந்தபின் பாரிஸில் அதே தோழியைப் பார்த்து, பெயர் சொல்லி "போன்ழூர்" என்கிறாள். தோழிக்கு அடையாளம் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி இவ்வளவு உரிமையோடு கூப்பிடுகிறாளே என்று திகைத்து, "மதாம்" என்றும், நீங்கள் என்கிற "வூ" போட்டும் பதில் சொல்கிறாள். அந்த ஒரு "வூ"வில் மத்தில்த் எவ்வளவு தூரம் கீழே போய்விட்டாள் என்பது தெரிந்துவிடுகிறது. அடையாளம் தெரிந்ததும் தோழி மறுபடியும் "த்யூ"வுக்குத் திரும்புகிறாள். எப்போது "த்யூ", எப்போது "வூ" என்று பத்துப் பக்க விளக்கம் படித்தாலும் இது மனதில் பதியாது. அங்கே பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்.

உன் வகுப்புத் தோழிகளிடம் முதல் நாளே "த்யூ" சொல்லலாம், மாணவர்களுக்குள் அதுதான் வழக்கம். பேராசிரியரிடமும் வீட்டுக்கார அம்மாவிடமும் "வூ"தான். பெரியவர்களாக முன்வந்து "த்யூ" சொல்லலாம் என்றால் சொல், நீயாக ஆரம்பிக்காதே. இது உனக்கு ஒன்றும் புதிதல்ல. நம் ஊர்க் கடைவீதியில் தமிழ் பேசுபவரிடம் "ங்க" போட்டுப் பேசுவாய், தெலுங்கு பேசும் பாட்டியிடம் "செப்பண்டி" என்பாய், உருது பேசும் துணிக்கடைக்காரரிடம் "ஆப்" என்று மாறுவாய். ஆளைப் பார்த்ததும் நாக்கு தானாகத் திரும்பும். அந்தப் பழக்கம் உள்ளவளுக்குப் பிரெஞ்சு மரியாதை கைக்கு எட்டாததே இல்லை.

இனி ஹீட்டர். வாடகைக்கு விடும் வீட்டில் வெப்ப வசதி இருக்க வேண்டும் என்பது பிரான்சில் சட்டம், 2002-ஆம் ஆண்டு ஆணையிலேயே இருக்கிறது. நீ சலுகை கேட்கவில்லை. உரிமையாக வர வேண்டியதையும் மரியாதையாகக் கேட்கலாம். கதவைத் தட்டி இப்படிச் சொல்: "போன்ழூர் மதாம், எக்ஸ்க்யூஸே முவா த வூ தெரான்ழே. ல ஷோஃபாழ் த மா ஷாம்ப்ர் ந மார்ஷ் பா. எஸ் க வூ பூரியே வெனிர் வுவார், சில் வூ ப்ளே?" தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்கிறாய், ஹீட்டர் ஓடவில்லை என்கிறாய், வந்து பார்க்க முடியுமா என்கிறாய். மூன்றே துண்டு. முதல் துண்டை மட்டும் விட்டுவிடாதே.

அவர் உன்னைப் பார்த்து, "வூ நாவே பா ஃப்ருவா?" என்று கேட்கக்கூடும். உங்களுக்குக் குளிரவில்லையா என்று பொருள். அப்போது ஆமாம் என்கிற பொருளில் "வுய்" சொல்லக் கூடாது. எதிர்மறைக் கேள்வியை மறுத்து ஆமாம் என்பதற்கு அவர்களிடம் தனிச்சொல் இருக்கிறது: "ஸி". "ஸி, மதாம்" என்றால் குளிருகிறது என்று தெளிவாகப் புரியும். "நோன்" என்று சொல்லிவிட்டால் குளிரவே இல்லை என்று எண்ணிக்கொண்டு போய்விடுவார்.

இதையெல்லாம் நாளைக்கே செய், ஞாயிறு வரை தள்ளிப்போடாதே. அதற்குப் பிறகு தினமும் ஏழெட்டு வரியில் ஒரு கதை எழுது. உன் தெரு, உன் டிராம், உன் லேப், எதுவானாலும் சரி. ஒருவர் இன்னொருவரிடம் ஏதாவது கேட்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பிறகு கேட்கப்படுபவரை மாற்று. தோழியாக இருந்தவரை நூலகராக்கு, நூலகரைக் குழந்தையாக்கு. கேள்வியை ஒவ்வொரு முறையும் திருத்தி எழுதி, வாய்விட்டுப் படி. எழுதியதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, சிவப்பு மையில் திருத்தி அன்றைக்கே திருப்பி அனுப்புகிறேன். முதல் கதையில் அந்தப் பேக்கரிக்காரப் பெண் வரட்டும்.

அன்புடன்,
அப்பா