சைக்கிள்ல போன எங்க அப்பாவ இடிச்சிட்டு எறங்கிப் பாக்காம போன கார்: இழப்பீடு கேட்டு கலெக்டர் ஐயாவுக்கு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், கலெக்டர் ஆபீஸ், கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: வண்டி நம்பர் தெரியாத விபத்து – 50,000 ரூபாய் இழப்பீடு – தாலுகா ஆபீஸ்ல திருப்பி விட்ட விண்ணப்பத்த வாங்கி விசாரிக்கச் சொல்லி கேக்குறது தொடர்பா.

ஐயா வணக்கம்.

எங்க அப்பாவுக்கு வயசு 61, வாழையிலை யாவாரம். மொத நாள் சாயங்காலமே தோட்டத்துல இலை அறுத்து கட்டி வச்சிட்டு, வெள்ளன நாலு மணிக்கெல்லாம் சைக்கிள் கேரியர்ல ரெண்டு கட்டு, முன்னாடி ஒரு சின்னக் கட்டு வச்சு மிதிச்சு, டவுன்ல ஹோட்டலுக்கு போட்டுட்டு எட்டு மணிக்குள்ள வீடு வந்துருவாவ. முப்பது வருசமா இதே சைக்கிள், இதே ரோடு.

போன புரட்டாசியில ஒரு நாள், திருநெல்வேலி – பாபநாசம் ரோட்டுல ஓரமாத்தான் போயிருக்காவ, பின்னால வந்த கார் இடிச்சதுல அப்பா ஒரு பக்கம் சைக்கிள் ஒரு பக்கம், இலை பூரா ரோட்டுல செதறிக் கெடந்துருக்கு. கொஞ்சம் தள்ளி அந்தக் கார் நின்னுச்சாம். எறங்கி வருவாங்கன்னு அப்பா கைய தூக்கி காட்டியிருக்காவ, செத்த நேரம் நின்னுட்டு லைட்ட அணைச்சிட்டு போயிட்டாங்களாம். அந்த இருட்டுல கார் வெள்ளையா சில்வரான்னு கூட தெரியலங்காவ. பொறத்தால பால் கேனோட வந்த அண்ணன்தான் 108-க்கு போன் போட்டாவ, அவிய இல்லன்னா என்ன ஆயிருக்குமோ.

ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில சேத்தோம். வலது கால் முட்டிக்கு கீழ ரெண்டு எலும்பும் முறிஞ்சு கம்பி வச்சு ஆபரேசன், 19 நாள் பெட்ல இருந்தாவ. அதுக்கு எங்ககிட்ட காசு வாங்கல, டாக்டரும் நர்சம்மாக்களும் நல்லா பாத்தாவ, அத சொல்லாம விடக்கூடாது. கஷ்டம் வீட்டுக்கு வந்த பொறகுதான். அம்மாவும் நானும் பீடி சுத்துதோம், அப்பாவ தூக்கி உக்கார வைக்க, பாத்ரூமுக்கு கூட்டிட்டுப் போக எந்நேரமும் ஒரு ஆள் வேணும், ஆயிரம் சுத்துத எடத்துல ஐநூறு கூட முடியல, கணக்கு கொறஞ்சா அடுத்த நாளைக்கு பீடி இலையும் தூளும் கொறச்சுத்தான் போடுதாவ. இலை யாவாரத்த வேற ஆளு புடிச்சிட்டாரு, அவரையும் குத்தம் சொல்ல முடியாது, ஹோட்டல்காரங்களுக்கு தெனமும் இலை வேணும்லா.

போலீஸ்ல எஃப்.ஐ.ஆர் போட்டாச்சு. ரோட்டுல கெடந்த ஒடஞ்ச சைடு மிரர நாங்களே எடுத்துக் குடுத்தோம். பெட்ரோல் பங்க் கேமராவுல வெளிச்சம் மட்டும்தான் தெரியுது நம்பர் விழலன்னு சொல்லி, ரெண்டு மாசம் கழிச்சு வண்டி கண்டுபிடிக்க முடியலன்னு எழுதிக் குடுத்துட்டாவ. வண்டி தெரியலன்னாலும் அரசாங்கத்துல இழப்பீடு உண்டுங்கிறத எங்களுக்கு யாரும் சொல்லல. ஒரு மாசத்துக்குள்ள வண்டி விவரம் கெடைக்கலன்னா இப்படி இழப்பீடு கேக்கலாம்ங்கிறத அடிபட்டவங்களுக்கு எழுத்துலயே போலீஸ் தெரியப்படுத்தணும்னு 2024 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் உத்தரவே போட்டுருக்காம், கோர்ட்ல குமாஸ்தா வேல பாக்குற சொந்தக்கார மாமா சொல்லித்தான் எங்களுக்கு தெரியும்.

அவரு சொன்ன மாதிரி இழப்பீடு கேக்குற விண்ணப்பம் ஃபார்ம் 1 எழுதி, எஃப்.ஐ.ஆர் காப்பி, காயச் சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ் எல்லாம் வச்சு தாலுகா ஆபீஸ் போனோம். மூணு தடவ போனேன் ஐயா. மொத தடவ, சைக்கிள் மோட்டார் வண்டி இல்லம்மா, அதுக்கு ஆர்.சி இல்ல இன்சூரன்ஸ் இல்ல, எப்படி கெடைக்கும்னு கேட்டாவ. அடுத்த தடவ, கெடைச்சாலும் 12,500 ரூபாதான், அதுக்கு ஏன் அலையுத, கார கண்டுபிடிச்ச பொறகு கேஸ் போட்டுக்கோன்னாவ. மூணாவது தடவ ஃபார்ம கையில கூட வாங்கல, அன்னைக்கு பஸ்ல வரும்போது ரொம்ப அழுதுட்டேன்.

ஐயா, சைக்கிளுக்கு நாங்க எதுவும் கேக்கல. இடிச்சது மோட்டார் வண்டி, அடிபட்டது மனுசன். மோட்டார் வாகனச் சட்டம் 161-வது பிரிவு கேக்குறது, இடிச்ச வண்டி எதுன்னு தேடியும் தெரியலையாங்கிறதத்தான், அடிபட்டவரு எதுல போனாருன்னு இல்ல. நடந்து போனவங்களுக்கே உண்டுன்னா சைக்கிள்ல போனவருக்கு எப்படி இல்லாமப் போகும்? 12,500 ங்கிறதும் பழைய கணக்கு. 2022 ஏப்ரல் 1-ல இருந்து புது ஸ்கீம் வந்துருச்சு, அதுல உயிர் போனா 2 லட்சம், பலத்த காயம்னா 50,000. எலும்பு முறிவு பலத்த காயத்துலதான் வரும், காயச் சான்றுலயும் அப்படித்தான் டாக்டர் எழுதியிருக்காவ.

இந்த ஸ்கீம்ல தாசில்தாரோ சப் கலெக்டரோ விசாரிச்சு ஒரு மாசத்துக்குள்ள ரிப்போர்ட் தரணும், பதினஞ்சு நாளுக்குள்ள சாங்சன் பண்ற அதிகாரி நீங்கதான், அதுக்கப்புறம் ஜெனரல் இன்சூரன்ஸ் கவுன்சில் பேங்க் கணக்குல பணத்த போடும். ரிப்போர்ட்டே எழுதாம இருந்தா உங்க கைக்கு எப்படி ஐயா வரும்? அதனாலதான் திங்கக்கிழமை மனு நாள்ல நேரா உங்ககிட்டயே வாரேன். எங்க விண்ணப்பத்த வாங்கி, வாங்குன தேதி போட்டு ரசீது குடுத்து, விசாரிச்சு ரிப்போர்ட் அனுப்பச் சொல்லி தயவுசெஞ்சு உத்தரவு போடுங்க. விசாரணைக்கு அப்பாவ வரச் சொன்னா ஆட்டோ புடிச்சாவது கூட்டிட்டு வாரோம், ஆனா மாடிப்படி ஏற ஏலாது, வீட்டுக்கு வந்து விசாரிச்சா பெரிய உதவியா இருக்கும்.

நாளைக்கே அந்தக் கார் கெடைச்சு அதுல இழப்பீடு வந்தா இந்தப் பணத்த திருப்பிக் கட்டுறோம்னு உறுதிமொழியும் எழுதி கையெழுத்து போட்டு வச்சிருக்கோம். நசுங்குன சைக்கிள் டைனமோ லைட்டோட அப்படியே வீட்ல இருக்கு, யாரு வந்து கேட்டாலும் காட்டுறோம். அடுத்த மாசம் கம்பி எடுக்கணுமா வேண்டாமான்னு பாக்க அப்பாவ திரும்ப ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகணும், அதுக்குள்ள ரசீதாவது கைக்கு வந்துட்டா அம்மாவுக்கு கொஞ்சம் தெம்பா இருக்கும்.

இப்படிக்கு,
இலை யாவாரியோட மக
(பேரு, விலாசம், போன் நம்பர் தனித் தாள்ல இணைச்சிருக்கேன்)